மண்டிக்கு வந்த கம்ப்யூட்டர் நேரம்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேசும்போது வந்த சில திரும்பச் சொல்லல்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர் சுத்திச் சுத்தி ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க. கிளவுட்ல ஒரு மெஷினை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தா, அந்த விலையை யார் வைக்கிறாங்க? தக்காளி மாதிரி தினம் ஏறி இறங்குற விலையா, இல்ல பஸ் டிக்கெட் மாதிரி ஒருத்தர் போர்டு மாட்டி வைக்கிற விலையா? ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ஜிபியு தேடி அலைஞ்சவங்களுக்கு இது சும்மா பொழுதுபோகக் கேட்கிற கேள்வி இல்லைன்னு தெரியும்.

இதுக்கு ஒரு வரலாறு இருக்கு. அறுபது வருஷத்துக்குக் கிட்ட வரும். அதை எங்க இருந்து ஆரம்பிக்கலாம்னு தேடினப்போ ஒரு பேர்தான் என்னை நிறுத்துச்சு. 2013-ல 'தி ஜர்னல் ஆஃப் சூப்பர்கம்ப்யூட்டிங்'ல ஒரு கட்டுரை வந்தது. எழுதினவங்க சௌரப் குமார் கர்க், கிறிஸ்டியன் வெக்கியோலா, ராஜ்குமார் புய்யா. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துல அவங்க உருவாக்கின ஒரு மென்பொருளைப் பத்தினது. கம்ப்யூட்டர் நேரத்தை விற்கிறவங்களும் வாங்குறவங்களும் ஒரே இடத்துல வந்து பேரம் பேசி, ஏலம் கேட்டு, முடிச்சுக்கிட்டுப் போற ஒரு சந்தை. அந்த மென்பொருளுக்கு அவங்க வச்ச பேர் 'மண்டி'.

ஆமாங்க, அரிசி மண்டி, வெல்ல மண்டின்னு சொல்றோமே, அதே மண்டி.

நமக்கு இந்த வார்த்தையை யாரும் விளக்க வேண்டியதில்லை. என் சொந்த ஊர் சீயமங்கலம். செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் நடுவுல, தேசூர் பக்கம். மகேந்திரவர்ம பல்லவன் குடைஞ்ச குகைக் கோயில் இருக்கிற ஊர். கல்வெட்டுல அதுக்கு அவனிபாஜன பல்லவேச்சுவரம்னு பேர், ஊர்ல தூணாண்டார் கோயில். அதோட தூண்ல சிவன் ஆடுற சிற்பம் ஒண்ணு இருக்கு. தமிழ்நாட்டுல ஆடும் சிவனைக் கல்லுல காட்டின ரொம்ப ஆரம்பகாலச் சிற்பங்கள்ல ஒண்ணுன்னு அதைச் சொல்லுவாங்க. அதைப் பத்தித் தனியா ஒரு எபிசோட் பண்ணணும். இன்னைக்கு நமக்கு வேண்டியது நெல். எங்க பக்கத்துல நெல் அறுத்தா வண்டி ரெண்டு திசையில போகும்: வந்தவாசி கமிட்டிக்கு, இல்லைன்னா செஞ்சி கமிட்டிக்கு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடம்னு போர்டுல எழுதியிருக்கும். யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. எல்லாருக்கும் 'கமிட்டி'தான்.

கமிட்டியில என்ன நடக்குதுன்னு ஒரு நிமிஷம் பார்த்துடலாம், ஏன்னா பின்னாடி அமேசான் வரைக்கும் இது நமக்குத் தேவைப்படும். விவசாயி மூட்டையை இறக்கினதும் ஒரு லாட் நம்பர் கொடுப்பாங்க. வியாபாரிங்க வரிசையா வந்து குவியல்ல கையை விட்டு அள்ளிப் பார்ப்பாங்க, ஒண்ணு ரெண்டைக் கடிச்சும் பார்ப்பாங்க. ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு, பொன்னியா குண்டு ரகமா. அப்புறம் ஒவ்வொருத்தரும் அடுத்தவருக்குத் தெரியாம விலையை எழுதிப் போடுவாங்க. இதுக்கு மறைமுக ஏலம்னு பேர். எந்த லாட்டுக்கு யார் அதிகம் எழுதியிருக்காங்களோ அவங்களுக்கு. 2016 ஏப்ரல்ல மத்திய அரசு 'இ-நாம்' கொண்டு வந்தப்புறம் அதுல சேர்ந்த கூடங்கள்ல சீட்டுக்குப் பதிலா ஃபோன். விலை கட்டுப்படி ஆகலைன்னா 'வேணாம்'னு சொல்ற உரிமை விவசாயிக்கு உண்டு. மூட்டையைத் திருப்பி ஏத்துற கூலியை யார் கொடுப்பாங்கங்கிறது வேற கதை.

இந்த கமிட்டி எதுக்காக வந்தது? 1928-ல வந்த ராயல் கமிஷன் விவசாய அறிக்கை, சந்தைகள்ல நடக்கிற எடை மோசடி, தேவையில்லாத பிடித்தங்கள், வெளிப்படையில்லாத பேரம் இதையெல்லாம் எழுதி, ஒழுங்குபடுத்தின சந்தைகள் வேணும்னு சொல்லுச்சு. சென்னை மாகாணம் 1933-ல பணப்பயிர்களுக்கான சந்தைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. இப்போ நடைமுறையில இருக்கிறது 1987-ம் வருஷத்துச் சட்டம். பாருங்க, 'சந்தை'ன்னா தானா நடக்கிறதுன்னு நாம நினைச்சுக்கிறோம். தராசை யார் பார்த்துக்கிறது, சீட்டை யார் திறக்கிறது, பணம் எத்தனை நாள்ல வரணும் — இத்தனைக்கும் விதி போட்டுத்தான் ஒரு நெல் சந்தையையே நடத்த முடிஞ்சிருக்கு. இதை மனசுல வச்சுக்கோங்க.

விற்காம பங்கு போடுறதும் எங்க ஊர்ப் பக்கத்துல பழைய பழக்கம்தான். ஏரித் தண்ணியை யாரும் ஏலம் விடுறதில்லை. முறை வச்சு விடுவாங்க. இன்னைக்கு இந்த மடை, நாளைக்கு அந்த மடை. நீர்க்கட்டி வந்து திறப்பாரு. இல்லைன்னா ஒரு சபை உட்கார்ந்து முடிவு பண்ணும். எங்க ஊருக்குக் கிழக்கே இருக்கிற உத்திரமேரூர்ல, முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தது, ஏரி வாரியத்துக்குக் குடவோலையில ஆள் எடுக்கிறதைப் பத்திப் பேசுது. வரிசை, வாரியம், ஏலம். பற்றாக்குறையா இருக்கிற ஒரு பொருளைப் பிரிச்சுக் கொடுக்க மனுஷங்க திரும்பத் திரும்பக் கையில எடுத்த வழி இந்த மூணுதான். கம்ப்யூட்டரும் இதே மூணு வழியிலதான் சுத்தி வந்திருக்கு.

ஆரம்பத்துல கம்ப்யூட்டர் ஒரு ஊருக்கு ஒண்ணுன்னு கூட இல்லை. 1955-ல கொல்கத்தாவுல இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு ஹெச்.இ.சி.-2எம் வந்தது. சென்னைக்குப் பெரிய மெஷின்னு சொல்லணும்னா ஐஐடி-க்கு 1973-ல வந்த ஐபிஎம் 370/155. கார்டுல துளை போட்டு, கட்டைக் கட்டி கவுன்டர்ல கொடுத்துட்டுப் போயிடணும். மெஷின் ஒவ்வொண்ணா எடுத்து ஓட்டும். ரிசல்ட் தாள்ல வரும். ஒரு கமா விட்டுப் போயிருந்தா? திருத்தி மறுபடி வரிசையில நிக்கணும். ரேஷன் கடை மாதிரி, ஆனா சர்க்கரைக்குப் பதிலா வினாடிகள்.

வரிசைக்குப் பதிலா ஏலம்னு முதல்ல யோசிச்சு, அதை நடத்தியும் பார்த்து, எழுதி வச்சவர் ஐவன் சதர்லேண்ட். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸின் முன்னோடின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். அவர் ஹார்வர்டுல இருந்தப்போ அங்க ஒரு பி.டி.பி-1 மெஷின் இருந்தது. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் உட்கார முடியும். சண்டை வராம இருக்குமா? 1968 ஜூன்ல 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்' இதழ்ல அவர் எழுதின கட்டுரை, கம்ப்யூட்டர் நேரத்துக்கு ஒரு முன்பேர வணிகச் சந்தை நடத்தினதைப் பத்தினது. ரெண்டு மூணு பக்கம்தான் இருக்கும். ஆனா இந்தத் துறையில அப்புறம் வந்த எல்லாப் பிரச்சினையும் அதுலயே எட்டிப் பார்க்குது.

ஏற்பாடு இதுதான். ஆளாளுக்கு ஒரு கற்பனைப் பணம் கொடுத்தாங்க. பேர் 'யென்'. ஜப்பானுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. யாருடைய வேலை முக்கியமோ அவங்களுக்கு அதிக யென், மத்தவங்களுக்குக் கம்மி. வரப்போற நாட்களோட மணிநேரங்களைப் பலகையில போட்டு வச்சிருப்பாங்க. உங்களுக்கு வேணுங்கிற மணிக்கு யென் வச்சுக் கேட்கலாம். வேற ஒருத்தர் மணிக்கு அதிகமா கேட்டா அந்த நேரம் அவருக்குப் போகும், உங்க யென் உங்க கைக்குத் திரும்பிடும். வேற நேரத்துக்குக் கேட்டுக்கலாம். கம்மி யென் இருக்கிறவங்க யாரும் விரும்பாத நேரத்தைக் குறைஞ்ச விலைக்குப் பிடிச்சுக்கலாம். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விதி ஒண்ணு உண்டு: யென்னைச் சேர்த்து வைக்க முடியாது. பயன்படுத்தின நேரம் முடிஞ்சதும் அது திரும்ப வரும், அவ்வளவுதான். பதுக்கல் கிடையாது, கடன் கிடையாது. ரெண்டு மாசம் சும்மா இருந்துட்டு பரீட்சை சமயத்துல மூட்டையா யென்னைக் கொண்டு வந்து எல்லா நேரத்தையும் வாரிக்கிட்டுப் போற ஆளை இந்த விதி வாசல்லயே நிறுத்திடுது.

ஆனா கவனிங்க. யாருக்கு எவ்வளவு யென்னு முதல்ல முடிவு பண்ணினது ஏலம் இல்லை. நிர்வாகம். வாரியம் முன்வாசல்ல இருந்து வெளிய போய்ப் பின்வாசல் வழியா உள்ள வந்துடுச்சு.

அடுத்து 1992. ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடம். கார்ல் வால்ட்ஸ்பர்கர், டாட் ஹாக், பெர்னார்டோ ஹூபர்மேன் ஆகியோர் இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து 'ஸ்பான்'னு ஒரு அமைப்பை உருவாக்கினாங்க. ஆபீஸ்ல சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்கள் தங்களோட நேரத்தைத் தாங்களே ஏலம் விடும்; வேலை வச்சிருக்கிற புரோகிராம்கள் கேட்கும். அவங்க எடுத்துக்கிட்டது மூடின ஏலம், நம்ம கமிட்டி மாதிரியே. ஒரே ஒரு வித்தியாசம்: ஜெயிக்கிறவர் தான் எழுதின விலையைக் கொடுக்க மாட்டார், இரண்டாவது ஆள் எழுதின விலையைத்தான் கொடுப்பார். செஞ்சியில நீங்க மூட்டைக்கு 1,800 எழுதுறீங்க, அடுத்தவர் 1,740 எழுதியிருக்கார்னா நெல் உங்களுக்கு, விலை 1,740. (கணக்கு புரியறதுக்காக நானா போட்ட எண்கள்.) விவசாயிக்கு அறுபது ரூபாய் நஷ்டம் மாதிரி தெரியும். ஆனா இப்படி இருந்தா பொய் சொல்ல வேண்டிய அவசியம் குறையுது. எழுதினதை அப்படியே கொடுக்கணும்னா ஒவ்வொரு வியாபாரியும் மனசுல இருக்கிறதை விட இறக்கித்தான் எழுதுவார். இரண்டாம் விலைன்னா மனசுல இருக்கிறதை அப்படியே எழுதலாம். வில்லியம் விக்ரி 1961-ல எழுதினது இது. 1996-ல பொருளாதார நோபல் பகிர்ந்துக்கிட்டார். வியாபாரிங்க முன்னாடியே டீக்கடையில கூடிப் பேசி வச்சுக்கிட்டா மட்டும் எந்த விக்ரியும் காப்பாத்த முடியாது.

இப்போ புய்யாவுக்கு வருவோம். கர்நாடகாக்காரர். மைசூர்லயும் பெங்களூர்லயும் படிச்சுட்டு, சி-டாக்ல வேலை பார்த்துட்டு, ஆஸ்திரேலியாவுல மோனாஷ் பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்டத்துக்குப் போனார். அந்தக் காலகட்டம் 'கிரிட்' காலம். உலகத்துல எங்கெங்கயோ இருக்கிற பல்கலைக்கழக மெஷின்களை இணைச்சு ஒரே மெஷின் மாதிரி பயன்படுத்தலாம்ங்கிற கனவு. கனவு நல்லா இருந்தது, ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை: என் மெஷினை உனக்கு ஏன் தரணும்? விஞ்ஞானிகளுக்குள்ள நல்லெண்ணம் இருக்கத்தான் செய்யும். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு என் மாணவனோட வேலை நிக்கிறப்போ நல்லெண்ணமும் நின்னுடும்.

டேவிட் ஏப்ராம்சனோடயும் ஜோனதன் கிடியோடயும் சேர்ந்து புய்யா 2000 வாக்குல 'நிம்ராட்-ஜி'யில செஞ்சது இந்த இடத்துலதான். நீங்க ரெண்டே விஷயம் சொன்னா போதும்: எப்போ முடியணும், எவ்வளவு செலவு பண்ணத் தயார். அமைப்பு போய் எங்க எந்த மெஷின் என்ன விலைன்னு பார்த்து, அவசரம்னா விலை கூடினதை எடுக்கும், அவசரம் இல்லைன்னா மலிவானதுக்குக் காத்திருக்கும். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போற வீட்டுப் பெரியவர் கணக்கு. 2002-ல அவரோட ஆய்வேடு வந்தது. 2008-ல 'சந்தை சார்ந்த கிளவுட்'னு அவர் குழு கட்டுரை எழுதினப்போ, தண்ணி, கரண்ட், கேஸ், ஃபோனுக்கு அடுத்து ஐந்தாவது பயன்பாட்டுச் சேவையா கம்ப்யூட்டிங் வரும்னு வாதம் வச்சாங்க. அந்த எண்ணத்துக்கு வயசு அதிகம். ஜான் மெக்கார்த்தி 1961-லயே எம்ஐடி நூற்றாண்டு விழாவுல, கம்ப்யூட்டிங் ஒரு நாள் டெலிஃபோன் மாதிரி பொதுச் சேவையாகலாம்னு பேசியிருக்கார். புய்யா குழு அதுக்குள்ள பேரத்தைக் கொண்டு வந்தாங்க. அதோட தொடர்ச்சிதான் 2013-ன் 'மண்டி'. நிலையான விலைக்கும் விற்கலாம், ஒரு பக்க ஏலமும் விடலாம், வாங்குறவர் விற்கிறவர் ரெண்டு பேரும் விலை எழுதுற இரட்டை ஏலமும் நடத்தலாம். எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ, ஒரே சமயத்துல.

இது ஏதோ மெல்போர்ன் கதைன்னு விட்டுடாதீங்க. குரோம்பேட்டைக்கு வாங்க. எம்ஐடி வளாகம், இப்போ அண்ணா பல்கலைக்கழகத்தோட அங்கம். அங்க பேராசிரியர் தாமரைச்செல்வி சோமசுந்தரம் தலைமையில 'கேர்' ஆய்வு மையம் இதே கிரிட், கிளவுட் பிரச்சினையில வேலை பார்த்துக்கிட்டிருந்தது. 2010-ல அவங்க குழு வெளியிட்டது 'கேர் ரிசோர்ஸ் புரோக்கர்'. புரோக்கர்னா தரகர். உங்க வேலைக்கு எந்த மெஷின் பொருந்தும்னு இந்தத் தரகர் தேடுவார். வழக்கமான தரகர் 'நீங்க கேட்ட வீடு இல்லைங்க'ன்னு கையை விரிச்சிடுவார். இவங்க தரகர் அப்படி விடலை: கேட்ட மென்பொருள் சூழல் எந்த மெஷின்லயும் இல்லைன்னா, காலியா இருக்கிற மெஷின் மேல அந்தச் சூழலோட ஒரு மெய்நிகர் மெஷினையே கட்டிக் கொடுத்துடுவார். 2014-ல கண்ணன் கோவிந்தராஜனோட சேர்ந்து 'கிளவுட்ஆர்பி'ங்கிற அடுத்த கட்டம். கெடு தேதிக்குள்ள முடியற மாதிரி வேலைகளை அடுக்குறது. ரெண்டு கட்டுரையுமே அந்தத் துறையோட முக்கியமான சர்வதேச இதழ்ல வந்தவை. நம்ம ஊர் டெக் வரலாறு பேசும்போது ஐடி பார்க்குகளையும் சாஃப்ட்வேர் ஏற்றுமதியையும் சொல்ற அளவுக்கு இதை நாம சொல்றதில்லை. எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்.

சரி, ஆய்வுக்கூடத்துக்கு வெளிய என்ன நடந்தது? 2006-ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஒரு சிபியு-மணிக்கு 1 டாலர்னு போர்டு மாட்டினாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல அமேசான் இசி2 மணிக்கு 10 சென்ட்ல ஆரம்பிச்சது. பஸ் டிக்கெட் விலை. அப்புறம் 2009 டிசம்பர்ல அமேசான் 'ஸ்பாட் இன்ஸ்டன்ஸ்' கொண்டு வந்தப்போதான் நிஜமான ஏலம் வந்துடுச்சுன்னு எல்லாரும் துள்ளினாங்க. அமேசான்கிட்ட சும்மா கிடக்கிற மெஷின்களுக்கு நீங்க அதிகபட்ச விலை சொல்லலாம். சந்தை விலை அதுக்குக் கீழ இருக்கிற வரைக்கும் மெஷின் உங்களது. மேல போச்சுன்னா பிடுங்கிடுவாங்க. எச்சரிக்கை கூட கிடையாது. ரெண்டு நிமிஷ முன்னறிவிப்பு 2015-லதான் வந்தது. ஆய்வாளர்களுக்கு விருந்து. சந்தை விலை எப்படி ஏறி இறங்குதுன்னு வரைபடம் போட்டு நூத்துக்கணக்குல கட்டுரைகள்.

2011-ல இஸ்ரேல்ல டெக்னியான் நிறுவனத்தைச் சேர்ந்த ஓர்னா அக்மோன் பென்-யெஹுதாவும் கூட இருந்தவங்களும் அந்த விலை வரலாற்றையே எடுத்து வச்சு, உட்கார்ந்து பிரிச்சுப் பார்த்தாங்க. அவங்க கண்டுபிடிச்சது: அந்த விலைகள் பெரும்பாலும் வாங்குறவங்க கேட்டதால ஏறி இறங்கின விலை மாதிரியே இல்லை. ஒரு குறுகின எல்லைக்குள்ள, ஒரு நிரல் ஏறக்குறைய தற்செயலா உருட்டிவிட்ட குறைந்தபட்ச விலை மாதிரி இருந்தது. அதாவது இத்தனை பேர் 'சந்தை'ன்னு நினைச்சு ஆராய்ச்சி பண்ணினது, பெரும்பாலும் விற்கிறவர் உள்ளுக்குள்ள வச்சிருந்த ஒரு சூத்திரத்தை. 2011 அக்டோபருக்கு அப்புறம் அந்தப் போக்கு மாறினதையும் அவங்களே பதிவு பண்ணியிருக்காங்க. கடைசியா 2017 நவம்பர்ல அமேசான் ஏலம் கேட்க வேண்டிய அவசியத்தையே எடுத்துட்டு, மெதுவா நகர்ற ஒரு விலைக்குப் போயிடுச்சு.

கமிட்டியில சீட்டுப் பெட்டியைத் திறக்கிறவர் வியாபாரியும் இல்ல, விவசாயியும் இல்ல. மூணாவது ஆள். அமேசான்ல விற்கிறவரும் பெட்டியைத் திறக்கிறவரும் ஒருத்தரே. தப்பு பண்ணினாங்கன்னு நான் சொல்ல வரலை. அவங்க பொருள், அவங்க விலை. ஆனா அதுக்கு 'சந்தை'ங்கிற வார்த்தையைக் கொடுத்தது ரொம்பத் தாராளம்.

மூணாவது ஆள் வச்சு நடத்திப் பார்த்தவங்களும் உண்டு. 2013-ல ஜெர்மனியோட பங்குச் சந்தை நிறுவனம் டாய்ச்ச போர்ஸ, பெர்லின்ல இருந்த ஜிமோரி கம்பெனியோட சேர்ந்து ஒரு கிளவுட் எக்ஸ்சேஞ்ச் அறிவிச்சது. பங்கு வாங்குற மாதிரி கம்ப்யூட்டிங் வாங்கலாம். அளவுகளைத் தரப்படுத்தினாங்க, விதிகளை எழுதினாங்க, பல நூறு வருஷ நம்பிக்கையுள்ள ஃபிராங்ஃபர்ட் போர்டு இருந்தது. திறந்தாங்க, ஆனா 2016-ல மூடிட்டாங்க. போதுமான வியாபாரம் வரலை.

ஏன் வரலைன்னு என் கணிப்பைச் சொல்றேன். பெரிய மூணு கம்பெனிங்க தங்க மூட்டையை இன்னொருத்தர் கூடத்துல இறக்க வேண்டிய தேவையே இல்லாம இருந்தாங்க. ரெண்டாவது, நெல்லை அள்ளிப் பார்த்து ஈரம் சொல்லிடலாம். ஒரு மெய்நிகர் மெஷினை அள்ளிப் பார்க்க முடியாது. பேர்ல ஒண்ணா இருக்கிற ரெண்டு மெஷின் ஓட்டத்துல ஒண்ணா இருக்காது. மூணாவது, ரொம்ப முக்கியமானது, டேட்டா. உங்க டேட்டா முழுக்க ஒரு கம்பெனி கிடங்குல இருக்கிறப்போ பக்கத்துக் கடையில மணிக்கு ரெண்டு ரூபாய் கம்மின்னு ஓட முடியாது. வெளிய எடுக்கவே காசு வாங்குவாங்க. முழுசா வெளியேறிப் போறவங்களுக்கு அந்தக் கட்டணத்தை கூகுள் விட்டுக் கொடுத்ததும் அமேசான் விட்டுக் கொடுத்ததும் 2024-லதான்.

கம்ப்யூட்டிங் கரண்ட் மாதிரி ஆகும்னு எல்லாரும் சொன்னாங்களே, கரண்ட் என்ன ஆச்சு? அதுக்கு நிஜமாவே சந்தை வந்துடுச்சு. 2008 ஜூன்ல இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச் ஆரம்பிச்சது. நாளைக்குத் தேவையான மின்சாரத்துக்கு இன்னைக்கே ஏலம். ஒரு நாளை 15 நிமிஷத் துண்டுகளா வெட்டி 96 ஏலம். வாங்குறவர் விற்கிறவர் ரெண்டு பக்கமும் மூடின சீட்டு. புய்யா குழு சொன்ன இரட்டை ஏலம் அப்படியே. ஒரு யூனிட் எங்க இருந்து வந்தாலும் யூனிட்தான், அதனால முடிஞ்சது. அதுலயும் 2022 மார்ச்ல வெயிலோட விலையும் ஏறி யூனிட் 20 ரூபாயைத் தொட்டப்போ, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் உள்ள புகுந்து ஏப்ரல்ல 12 ரூபாய்னு உச்சவரம்பு போட்டது. அடுத்த வருஷம் அதை 10 ஆக்கினாங்க. மறுபடியும் கமிட்டி.

நெல்லுக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, அதை விட்டுட்டா மொத்தக் கணக்கும் தப்பாயிடும். விலை சரியில்லைன்னா விவசாயி மூட்டையைக் கொண்டு போய்க் குடோன்ல வைக்கலாம். இன்னைக்கு மதியம் மூணு மணிக்குச் சும்மா இருந்த ஜிபியுவோட மூணு மணியை நாளைக்கு விற்க முடியாது. அது மல்லிப்பூ கூட இல்ல, பூவாவது சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதனாலதான் விற்கிறவர் காலியா இருக்கிற நேரத்தை எந்த விலைக்கும் தள்ளிவிடுவார், வாங்குறவர் கையில பிடிச்சு வச்சிருக்கவும் முடியாது. வாஸ்ட் ஏஐ மாதிரி தளங்கள்ல தனி ஆட்கள் வீட்டு கிராஃபிக்ஸ் கார்டை வாடகைக்கு விடுறாங்களே, அங்க விலை போர்டுல இல்லாம ஆடுறதுக்குக் காரணம் இதுதான்.

இப்போ நம்ம நாட்டுல நடக்கிறது. 2024 மார்ச்ல மத்திய அமைச்சரவை 'இந்தியாஏஐ மிஷன்'க்கு 10,371.92 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்தது. முதல்ல பேசினது 10,000 ஜிபியு. 2025 ஜனவரியில டெண்டர் முடிஞ்சப்போ 18,693 வந்தது. யோட்டா, ஜியோ, டாடா கம்யூனிகேஷன்ஸ், இ2இ எல்லாம் அதுல இருந்தாங்க. முறை எல்-1. கான்ட்ராக்ட் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை: யார் குறைச்சலா எழுதினாங்களோ அந்த விலை, அதுக்கு ஒத்துக்கிற மத்தவங்களும் உள்ள வரலாம். சராசரி மணிக்கு 115.85 ரூபாய் வந்துச்சு. அதுல அரசு 40 சதவீதம் வரைக்கும் மானியம். 2025-ல அரசு சொல்ற சராசரி மணிக்கு 65 ரூபாய், ஜிபியு எண்ணிக்கை 38,000 தாண்டியாச்சு.

கமிட்டி ஏலத்தைத் தலைகீழாப் பிடிச்சா இந்த எல்-1. அங்க வாங்குறவங்க மேல மேல எழுதுவாங்க, இங்க விற்கிறவங்க கீழ கீழ எழுதுறாங்க. விலை இதோட தீர்ந்துடுச்சு, தினம் ஆடாது. ஸ்டார்ட்அப், ஆராய்ச்சியாளர், கல்லூரி மாணவர் எல்லாரும் விண்ணப்பிக்கலாம். விலை ஒண்ணா இருந்து கேட்கிறவங்க அதிகமா இருந்தா என்ன ஆகும்? யாருக்கு எவ்வளவு, யாருக்கு முதல்லங்கிறதை ஒரு குழு உட்கார்ந்து முடிவு பண்ணணும். அப்படித்தான் நடக்குது. 2025 ஏப்ரல்ல சொந்தமா ஒரு பெரிய மொழி மாதிரியை உருவாக்க பெங்களூர் 'சர்வம் ஏஐ' தேர்வாச்சு. அவங்களுக்கு 4,096 ஹெச்100 ஜிபியு, ஆறு மாசத்துக்கு.

நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ் பேசுற ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்கணும்னா ரெண்டு ஜிபியுவை வச்சுக்கிட்டு ஒண்ணும் நடக்காது, ஒரே இடத்துல ஆயிரக்கணக்குல வேணும். சில்லறை ஏலத்துல அப்படிச் சேராது. ஆனா சதர்லேண்டோட பலகை நினைவுக்கு வருது. அங்க யாருக்கு எத்தனை யென்னு நிர்வாகம்தான் வச்சது. அதுக்கு அப்புறமாவது கம்மி யென் வச்சிருந்த மாணவர், 'இந்த நேரம் யாருக்கும் வேணாம் போல'ன்னு பலகையைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டு, அதைத் தன் யென்னுக்குள்ளயே வாங்க முடிஞ்சது. காலி நேரம் எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சது. செஞ்சிப் பக்கத்துல ஒரு கல்லூரியில படிக்கிற பொண்ணு, தன் புராஜெக்ட்டுக்கு ஒரே ஒரு ஜிபியு, ராத்திரி ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும் போதும்னு நினைக்கிறான்னு வச்சுக்கோங்க. நேரத்தைப் பொறுத்து மாறாத ஒரு விலையில, அவளோட அந்தப் பொறுமைக்குத் தள்ளுபடி கிடைக்கிறதுக்கு வழியில்லை.